சிவப்பு மூடி ஊசி

எங்கள் குழுவில் 'ஒருவர்' என்று ஒரு நோயாளி இருக்கிறார். அவருக்கு இல்லாத வியாதி கிடையாது. 'ஒருவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை முந்நூறு இருந்தால் எந்த மாத்திரை போடலாம்?' 'ஒருவர் காலை மாத்திரையை மறதியாக இரண்டு தடவை போட்டுவிட்டால் என்ன ஆகும்?' 'ஒருவருக்குக் காலில் புண் ஆறவில்லை, வேப்பெண்ணெய் தடவலாமா?' அந்த ஒருவர் ஆணா பெண்ணா, வயதென்ன, யாருக்கும் தெரியாது. சில நாள் அவர் 'என் நண்பர்' ஆகிவிடுவார். சில நாள் 'பக்கத்து வீட்டு அங்கிள்'. அந்த அங்கிளின் மாத்திரை அட்டை கேள்வி கேட்டவரின் சட்டைப் பையிலேயே இருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

சர்க்கரை நோயாளிகளுக்கான இணையக் குழு அது. தமிழில் நடக்கிறது. அதன் அட்மின்களில் நானும் ஒருத்தி. யார் என்ன எழுதினாலும் அது முதலில் எங்களிடம் வரிசையில் வந்து நிற்கும். நாங்கள் அனுமதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். பொங்கலுக்கு என்ன சாப்பிட்டீர்கள், பஸ்ஸில் போகும்போது இன்சுலினை எப்படிக் குளிர்ச்சியாக வைக்கிறீர்கள், அலுவலகத்தில் ஊசி போட வெட்கமாக இருக்கிறது என்ன செய்வது, இதெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். 'எனக்கு எத்தனை யூனிட், எந்த மாத்திரை, நிறுத்தலாமா, கூட்டலாமா' என்று கேட்டால் இடமில்லை. எங்கள் மூன்றாவது விதி அது. அந்த விதியை எழுதியது நான். அதைப் பிடித்துத் தொங்குவதும் நான்தான்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எனக்குச் சர்க்கரை வந்தது. இன்சுலின் இல்லாமல் உயிர் தங்காத வகை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்து, 'சின்னப் பொண்ணுக்குப் போய் ஊசியா' என்று கண் கலங்கி, சிறியாநங்கைப் பொடி வாங்கிக் கொடுத்து, ஊசியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். அந்த வாரக் கடைசியில் நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். அந்த மாமா நல்லவர். என்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் அவர் சொன்னதை எல்லோரும் கேட்டோம். கெட்டவர்கள் சொல்லும் வைத்தியத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

எனவே குழுவில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. 'ஈவிரக்கம் இல்லாத அட்மின்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'நீ என்ன டாக்டரா?' என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அதனால்தான் தள்ளுகிறேன் என்று பதில் எழுதுவேன். அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு கணினி நிறுவனத்துக்கு மென்பொருள் சோதிக்கிறேன். இரண்டு சோதனைகளுக்கு நடுவே வரிசையைத் திறந்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, விட வேண்டியதை விடுவேன். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவர் இதைப் பார்த்து, 'சம்பளம் குடுக்குற வேலைல கூட உன்ன இவ்வளவு முறைப்பா பாத்ததில்லயே' என்பார். அவருக்கு என்ன, ஊசியா மாத்திரையா?

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வரிசையைத் திறந்தேன். பெயரை மறைத்துக் கேட்கும் வசதி குழுவில் உண்டு. அப்படி வந்திருந்தது அந்தக் கேள்வி. மற்றவர்களுக்குப் பெயர் தெரியாது, அட்மின்களுக்கு மட்டும் தெரியும். பெண்ணின் பெயர். முகப்பில் அவள் படத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. கேள்வி இது:

'மாமிக்கு இன்சுலின் நான்தான் போடுறேன். முன்னாடி நல்லா இருந்தாங்க. புது மருந்து வந்ததுலேர்ந்து சில நாள் ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்துது, பேச்சு குழறுது. சர்க்கரைத் தண்ணி குடுத்தா தெளியிறாங்க. எனக்கு ஊசி போடத் தெரியலன்னு வீட்ல திட்டு. மஃரிப் தொழுகை முடிஞ்சு, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற ஊசில எத்தனை யூனிட் கொறைக்கலாம்? வீட்ல யாருக்கும் தெரியாம கொறைக்கணும். டாக்டர்கிட்ட போங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.'

கடைசி வரி எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. டாக்டரிடம் போகச் சொல்லாதே என்றால், பிறகு எங்கே போகச் சொல்வது? மூன்றாவது விதி, தள்ளு. விரல் பொத்தான்மேல் போய்விட்டது. தள்ளுவதற்கு முன்னால், கேள்வியோடு படம் இணைத்திருந்தால் திறந்து பார்ப்பது வழக்கம். மருந்துச் சீட்டைப் பெயர் முகவரியோடு படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அதற்காகத் திறந்தேன்.

சீட்டு இல்லை. ஒரு காகித உறைமேல் ஒரு சின்ன இன்சுலின் பாட்டில் படுத்திருந்தது. பக்கத்தில் மூடியோடு ஓர் ஊசி. பாட்டிலில் அரபி எழுத்து, அதன் கீழே பெரிதாக 100 என்ற எண். ஊசியின் மூடி சிவப்பு.

ஊசி போடாதவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இருக்காது. விஷயம் இதுதான். நம் ஊர்க் கடைகளில் பாட்டிலில் விற்கிற இன்சுலின் பெரும்பாலும் நாற்பது வகை. ஒரு மில்லியில் நாற்பது யூனிட் இருக்கும். அந்தப் பாட்டிலுக்கென்றே கோடு போட்ட ஊசிக்குச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் நூறு வகை. அதே ஒரு மில்லியில் நூறு யூனிட். அதற்கான ஊசியின் மூடி ஆரஞ்சு. நூறு பாட்டிலில் சிவப்பு மூடி ஊசியை விட்டு, வழக்கமாக இழுக்கும் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. போடுகிறவளுக்குத் தெரியாது. கோடு சரியாக இருக்கிறது, கை சரியாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை கீழே இறங்கி, வேர்த்து, பேச்சு குழறி, சில நேரம் எழுந்திருக்க முடியாமலே போய்விடும்.

அந்த மயக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் கை நம் கை மாதிரியே இருக்காது.

செங்கல்பட்டில் வேலை பார்க்கும் ஒரு டாக்டரம்மாவும் எங்கள் அட்மின்களில் ஒருத்தி. என் வயதுதான், குழுவில் ஏற்பட்ட பழக்கம், வா போ என்று பேசிக்கொள்வோம். உடனே அவளைக் கூப்பிட்டேன். படத்தையும் அனுப்பினேன்.

"அளவு எதுவும் சொல்லிடாத" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"பாட்டிலும் ஊசியும் ஜோடி இல்லன்னு சொல்லு. அது வைத்தியம் இல்ல. பக்கத்து வீட்ல கேஸ் லீக் ஆகுதுன்னு சொல்றதுக்குப் பட்டம் எதுக்கு? ஆனா இன்சுலினே வேணாம், நிறுத்துன்னும் சொல்லிடாத. அடுத்த ஊசிக்கு முன்னாடி ஒரு டாக்டர் ரெண்டையும் கையில வச்சுப் பாக்கணும். இன்னைக்கே."

அப்படியே எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். இந்த மருந்துக்கு இந்த ஊசி இல்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டு இப்போதே டாக்டரிடம் போங்கள், வேர்த்தால் உடனே சர்க்கரை கொடுங்கள், என்னைக் கூப்பிடுங்கள் என்று என் எண்ணையும் போட்டேன். பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினேன். வரவில்லை. வீட்டில் மற்றவர்கள் அசந்த நேரத்தில் கேள்வியைப் போட்டுவிட்டு, போனை ஒளித்து வைத்திருப்பாள் என்று தோன்றியது. ரோஜாப்பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆத்திரமாக வந்தது. கேட்கத் தெரிகிறது, பதிலைப் பார்க்கத் தெரியாதா?

மறுபடி படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் காகித உறையை உற்றுப் பார்த்தேன். மூலையில் ஊதா மையில் ஒரு கடையின் முத்திரை. பாதி அழிந்திருந்தது. அழிந்த பாதியும் எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, புதுப்பட்டினம் கடைவீதியில் இருக்கும் மருந்துக்கடை அது. என் இன்சுலினை நான் வாங்குவதும் அங்கேதான்.

பெயரை மறைத்துக் கேட்டவளைத் தேடிப் போவது எங்கள் குழுவில் செய்யவே கூடாத காரியம். வேறு ஒரு அட்மின் அப்படிச் செய்திருந்தால், அன்றே அவரை வெளியே தள்ளியிருப்பேன். அவள் நம்பித்தான் பெயரை எங்களிடம் கொடுத்திருக்கிறாள். 'வீட்டில் யாருக்கும் தெரியாமல்' என்று வேறு எழுதியிருக்கிறாள். நான் போய் நின்று அவள் பெயரைச் சொன்னால், அந்த மாமியார் பிழைப்பார், இவள் அந்த வீட்டில் பிழைக்க முடியாது. இவ்வளவும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். பெயரைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதானே. சொல்ல மாட்டேன். பொழுது சாய்ந்ததும் வரும் மஃரிபுக்கு முன்னால் அந்த ஊசி நிற்க வேண்டும், அவள் கேட்டது வெளியே தெரியக்கூடாது, இரண்டும் நடக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

புதுப்பட்டினத்தில் ஷிப்ட் முடிந்த ஆட்களை பஸ்கள் இறக்கிவிடும் நேரம். மீன் வாங்குகிறவர்களும் காய் வாங்குகிறவர்களும் பாதி ரோட்டில் நின்றார்கள். மருந்துக்கடை பாய் என்னைப் பார்த்ததும் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"இன்னா மேடம், போன வாரம்தானே வாங்கினு போனீங்க? அதுக்குள்ள தீந்துடுச்சா?"

"எனக்கு இல்ல பாய். உங்ககிட்ட சிவப்பு மூடி ஊசி மட்டும் வாங்கிட்டு, மருந்து வாங்காமப் போறவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"அத மட்டும் கேக்காதீங்க."

ஊரில் யார் யாருக்கு என்னென்ன வியாதி என்று அறிந்தவர் அவர். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அந்த மரியாதையை எனக்கும் கொடுத்தார், மேலே கேட்கவில்லை.

"ஒரு வூடு கீது. மவன் சவுதிலேர்ந்து லீவுல வந்துகீறாரு. அம்மாவுக்கு அங்கேர்ந்தே மருந்து கொண்டாந்துட்டாரு. ஊசி மட்டும் நம்ம கடைல. ஏன், இன்னா ஆச்சு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கை தானாக ஊசி அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியைத் தொட்டது.

"நான் அந்த மருந்தக் கண்ணால பாக்கவே இல்லியே மேடம். எப்பவும் வாங்கற ஊசிதான் கேட்டாங்க, குடுத்தேன்."

"உங்கமேல யாரும் குத்தம் சொல்லல. இப்போ அவருக்குப் போன் போடுங்க. ஆனா யாரோ கேட்டாங்க, யாரோ சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

பாய் ஒரு நிமிடம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு போனை எடுத்து, பொய் சொல்கிற மனுஷன் மாதிரியே தெரியாமல் பேசினார். "தம்பி, கடைல இருந்து பேசறேன். உங்களுக்குக் குடுத்த ஊசி பெட்டில ஒரு கம்ப்ளைன்ட் கீது. எடுத்துகினு வாங்க, மாத்தித் தரேன். மருந்தையும் கொண்டாங்க, அதுக்குச் சரியா கீதான்னு பாத்துடலாம். நான் பாக்கறவரிக்கும் அம்மாவுக்கு ஊசி போடாதீங்க." போனை வைத்துவிட்டு, "கம்ப்ளைன்ட் கீறது நெஜம்தானே" என்றார் என்னிடம்.

சவுதியிலிருந்து வந்த அந்த மகன் மோட்டார் பைக்கில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய அத்தர் வாசனை, பணிவான பேச்சு. கையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, ஈரத்துணியில் சுற்றிய பாட்டில். அதை எடுத்து மேசைமேல் வைத்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் அவர்மேல் கோபம் வராது.

"இது ஒரிஜினல் பாய்" என்றார். "அங்க எங்க மேனேஜரோட அம்மாவே இதான் போடறாங்க. ஐஸ் பேக் வச்சு, பிளைட்ல மடியிலயே வச்சுகினு வந்தேன்."

"மருந்து ஒரிஜினல்தான்" என்றேன். "ஊசிதான் இதுக்கானது இல்ல."

அவர் என்னை யார் என்பதுபோல் பார்த்தார். "நம்ம கடைக்கு வர்ற மேடம். இவங்களும் ஊசி போட்டுக்கறவங்கதான்" என்றார் பாய். அது உண்மை. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாட்டிலில் இருந்த நூறைக் காட்டினேன். ஊசியில் இருந்த நாற்பதைக் காட்டினேன். அவர் சிரித்தார். "அது கம்பெனி நம்பர் மேடம்."

"கம்பெனி நம்பர் இல்லைங்க. வீட்ல டிகாஷன் போடுவீங்கல்ல? ஒரே டம்ளர். ஒரு நாள் தண்ணியா எறங்கின டிகாஷன ஊத்துறீங்க, ஒரு நாள் கெட்டி டிகாஷன ஊத்துறீங்க. டம்ளர்ல கோடு அதேதான். குடிக்கிறவங்களுக்கு ஒண்ணா இருக்குமா? நம்ம ஊர் மருந்துக்குப் போட்ட கோடு இது. நீங்க கொண்டாந்தது கெட்டி."

அவர் சிரிப்பை விட்டுவிட்டுப் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு தடவை போட்டு, அழித்து, மறுபடி போட்டார். "ரெண்டரை மடங்கு" என்றார் வாய்க்குள்ளேயே. அதே போனில் வீட்டைக் கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு ஊசி போட்டுட்டியா?... இன்னும் இல்லியா? போடாத. தொழுதுட்டு இருந்தா இருக்கட்டும். நீ போடாத, பக்கத்துலயே இரு." போனை வைத்துவிட்டுக் கடைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவளுக்கு ஊசி போடத் தெரியலன்னு தினம் திட்டினு இருந்தேன் மேடம்" என்றார். "அவ கை மேல சந்தேகப்பட்டு, சில நாள் பக்கத்துல நின்னு, கோடு கரெக்டா வருதான்னு நானே பாப்பேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. அதற்குள் அவரே எழுந்துவிட்டார். காரியத்தில் இறங்கிவிடுகிற ஆள்.

"பாய், இதுக்குச் சரியான ஊசி குடுங்க. மேடம், அந்த ஊசில எத்தனை போடணும்? பழைய அளவேவா, கொறைக்கணுமா?"

வந்துவிட்டது. இணையத்தில் வரிசையில் நிற்கிற அதே கேள்வி, இப்போது அத்தர் வாசனையோடு எதிரிலேயே நிற்கிறது. தள்ளப் பொத்தான் இல்லை.

"அத நான் சொல்ல மாட்டேங்க" என்றேன்.

"இவ்ளோ தெரிஞ்சவங்க, அது தெரியாதா?"

"தெரியுதா தெரியலயாங்கிறது இல்ல. சொல்ல மாட்டேன். அம்மாவ ஒரு டாக்டர் பாக்கணும். இப்பவே."

"சொல்லிடுங்களேன் மேடம்" என்றார் பாயும். மாத்திரை வாங்க நின்ற ஒரு அம்மாள், "பாவம், சொல்லிட்டுப் போயேம்மா, காசா பணமா" என்றார். சவுதிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்கு பிளைட்டு. டோக்கன் போட்டு உக்காந்தா பேஜாரு. ஒரு வார்த்தை சொன்னா வூட்டுக்குப் போய் போட்டுடுவோம். இதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

கஷ்டம்தான். கணக்கு என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும் நல்ல பெயர். ஆனால் இத்தனை நாள் இரண்டரை மடங்கு போன உடம்பு அது. சிறுநீரகம் எப்படி, இன்று என்ன சாப்பிட்டார், வேறு என்ன மாத்திரை போடுகிறார், எதுவும் எனக்குத் தெரியாது. கண் கலங்கிய அந்த மாமாவும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்படித்தான் ஒரு வார்த்தைதானே என்று சொன்னார்.

"டோக்கன் நான் போடறேன்" என்றேன். "ரெண்டு தெரு தள்ளி சாயந்திரத்துல டாக்டர் உக்கார்றாரு. நீங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க. பாட்டில், ஊசி, ரெண்டும் கையில இருக்கட்டும். நீங்க வர்ற வரைக்கும் நான் அங்கயே நிப்பேன். வரலன்னா வீட்டுக்கே வந்து நிப்பேன்."

வீடு எங்கே என்றே எனக்குத் தெரியாது. அவருக்கு அது தெரியாதே. என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பைக்கை உதைத்தார். பாய் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பி, சிரிப்பை மறைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒன்றை யோசித்தேன். இத்தனை வருடமாகக் கேள்விகளைத் தள்ளியிருக்கிறேன். தள்ளியது சரிதான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'டாக்டரிடம் போங்கள்' என்று நாங்கள் எழுதும் வரி யாருக்குப் பயன்பட்டிருக்கும்? போக முடிந்தவள் போயிருப்பாளே. போக முடியாதவள்தானே நம்மிடம் வருகிறாள். போக விடாமல் தடுப்பது எது என்று ஒரு தடவைகூட நான் யாரையும் கேட்டதில்லை. அன்றிலிருந்து கேட்கிறேன். தள்ளும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் கையால் எழுதுகிறேன்: 'போகத் தடையாக இருப்பது என்ன? அதை மட்டும் சொல்லுங்கள்.' பஸ் வசதி இல்லை, கூட வர ஆளில்லை, டாக்டர் திட்டுவார், கணவருக்குத் தெரியக்கூடாது என்று பதில்கள் வருகின்றன. அவற்றுக்கு நாங்கள் வழி சொல்லலாம். அதற்கு எந்த விதியும் குறுக்கே இல்லை. வேலை கூடிவிட்டது, கூடட்டும்.

ஆட்டோவில் வந்தார்கள். மாமி கனத்த உடம்பு, மூட்டு வலிக்காரர், மகன் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மருமகளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ரோஜாப்பூ இவள்தான். அவள் என்னைச் சாதாரணமாகப் பார்த்தாள், நானும் அப்படியே பார்த்தேன். நான் அனுப்பியதை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

மகன் என்னையும் உள்ளே வரச் சொன்னார். "நீங்களே சொல்லிடுங்க மேடம், எனக்குச் சொல்ல வராது." சொன்னேன். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். விரலில் குத்தி மாமியின் சர்க்கரையைப் பார்த்தார். பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இதப் போடறீங்க?"

"நான் லீவுல வந்ததுலேர்ந்து" என்றார் மகன். "ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

"சீட்டுல எழுதுன கோடு வரைக்கும் இந்த ஊசில இழுத்து, தினம் ரெண்டு வேளை, ஒரு மாசம் போட்டிருந்தா..." டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "இவங்க இங்க நடந்து வந்திருக்க முடியாது. எனக்குப் புரியல."

மருமகள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எனக்குப் புரிய ஆரம்பித்தது. எத்தனை குறைக்கலாம் என்று எங்களைக் கேட்டவள், எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பயந்து பயந்து, தன் மனதுக்குப் பட்ட அளவில் அவளே குறைத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறாள். இப்போது மகன் முன்னால், டாக்டர் முன்னால் அது வெளியே வரப்போகிறது. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். குறுக்கே ஏதாவது பேசிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமி பேசினார்.

"கோடு வரிக்கும் அவ இழுக்க மாட்டா டாக்டரு" என்றார். நிதானமான குரல். "பாதிலயே நிறுத்திடுவா. இவன் பக்கத்துல நின்னாதான் முழுசா இழுப்பா. அன்னைக்குத்தான் எனக்கு மயக்கம்."

மருமகள் கண்ணீர் வழிய மாமியைத் திரும்பிப் பார்த்தாள். "மாமி, உங்களுக்குத் தெரியுமா?"

"என் வவுத்துலதானே போடற. எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார் மகன்.

மாமி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "இன்னான்னு சொல்றது? ஆசையா மடில வச்சுகினு வந்த மருந்து. சொல்லியிருந்தா ஊசிய அவகிட்டேர்ந்து புடுங்கி நீயே போட்டுருப்ப" என்றார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறு மருந்தை, வேறு அளவை எழுதி, மாமியின் சிறுநீரகத்துக்கு ஒரு பரிசோதனையும் எழுதினார். எழுதிய அளவு நான் கடையில் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு இல்லை.

கம்பவுண்டர் புது ஊசிகளை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து, மகனிடம் நீட்டினார். மகன் கையை நீட்டினார். அதற்குள் மாமி அந்த உறையை வாங்கி, மருமகளின் துணிப்பையைப் பிரித்து, அதற்குள் வைத்தார்.